மனித உரிமை, பாதுகாப்பு, புதிய தொழில்நுட்பம்: ஆய்வாளராக வாழ முடியுமா?

கேள்வி கேட்டிருப்பவர் மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுச் சில்லு (சிப்) ஆலையில் நான்கு ஆண்டுகளாகச் சோதனைப் பொறியாளராக வேலை செய்கிறார். மனித உரிமை, நாட்டுப் பாதுகாப்பு, புதிய தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் ஆய்வு செய்து பல்கலைக்கழக ஆசிரியராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதற்குச் சட்டப் படிப்பை அடியிலிருந்து தொடங்க வேண்டுமா, எங்கே படிப்பது, படித்தபின் வேலை கிடைக்குமா என்று மூன்று கேள்விகளை வரிசையாக வைத்துவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இது சோறு போடுமா என்று அப்பா கேட்கிறார், வீண் வம்பில் கொண்டுபோய் விடும் என்று அம்மா பயப்படுகிறார்." அந்தக் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ரப்பர் தோட்டத்திலிருந்து வெளியேறி ஒரு தலைமுறைதான் ஆகியிருக்கும் குடும்பத்தின் பிள்ளை, கைநிறையச் சம்பளம் தரும் ஆலை வேலையை விட்டுவிட்டு, அரசு எதைப் பாதுகாப்பு என்று சொல்கிறதோ அதைக் கேள்வி கேட்கும் படிப்புக்குப் போகலாமா என்பதே நீங்கள் கேட்பது. அந்த நான்கு கேள்விகளுக்கும் என்னால் இயன்றவரை பதில் சொல்கிறேன்.

நான் சட்டம் படித்தவன். கோலாலம்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பிக்கிறேன். அதில் பெரும்பகுதி, விசாரணையின்றித் தடுத்துவைத்தல், தகவல் இடைமறிப்பு, அகதிகளின் தரவு ஆகியவற்றைப் பற்றிய ஆய்விலேயே கழிந்தது. சட்டத்தைப் பற்றி நான் உறுதியாகச் சொல்வதை நம்பலாம். ஒரு மின்சுற்று எப்படி இயங்குகிறது, ஒரு மென்பொருள் எங்கே தவறுகிறது என்று நான் சொல்வதை உங்களைப் போன்ற ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வேலைவாய்ப்பைப் பற்றி நான் சொல்லப்போவது என் கண்ணில் பட்ட சில பல்கலைக்கழகங்களின் அனுபவம் மட்டுமே. அதைக் கணக்கெடுப்பாகக் கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். ஒருவரை விசாரணையின்றி அடைத்துவைக்க உதவிய 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் என்கிறோம். நம்முடைய பெயர், முகவரி, தொலைபேசி எண் வணிக நிறுவனங்களின் கையில் சிக்கிச் சீரழியாமல் இருக்க வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்கிறோம். மலாயில் முதலாவது கெசெலாமாத்தான், இரண்டாவது பெர்லிண்டுங்கான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். முதல் சட்டம் தனிமனிதரிடமிருந்து அரசைக் காக்கிறது; இரண்டாவது சட்டம் பிறரிடமிருந்து தனிமனிதரைக் காக்க முனைகிறது. அந்த இரண்டாவது சட்டத்தின் 3ஆவது பிரிவு, கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆகவே இத்துறையில் நுழையும் மாணவர்களிடம் நான் முதலில் பழகிக்கொள்ளச் சொல்வது, பாதுகாப்பு என்ற சொல்லை எங்கே கண்டாலும் யாருக்கு, யாரிடமிருந்து என்று கேட்பதுதான். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் 1994ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கை 'மனிதப் பாதுகாப்பு' என்ற கருத்தைப் பரவலாக்கியபோது எழுப்பியதும் ஏறத்தாழ இதே கேள்விதான்.

புதிய தொழில்நுட்பம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்கு என் பாட்டியின் ஐ.சி., அதாவது அடையாள அட்டை, நினைவுக்கு வந்தது. கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிய அவர், அந்தப் பழைய அட்டையை வெற்றிலைப் பெட்டியின் அடியில், மகள்களின் பிறப்புப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருந்தார். நம் நாட்டில் அடையாள அட்டை வந்தது 1948இல், அவசரகாலப் பிரகடனத்தோடு. பன்னிரண்டு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் படம் எடுத்து, பெருவிரல் ரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற ஆணை, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளையும் வெளியே இருந்த மக்களையும் பிரித்தறியும் நோக்கத்தோடு இடப்பட்டது. கம்யூனிஸ்டுகளும் அதை உணர்ந்தே பதிவுக் குழுக்களைத் தாக்கினார்கள், மக்களின் அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். உணவுப் பங்கீட்டுக்கும், மக்களை இடம்பெயர்த்து வேலிக்குள் குடியமர்த்திய புதுக்கிராமங்களின் வாயிலைக் கடப்பதற்கும் பின்னர் அந்த அட்டையே சாவியாயிற்று. ஒரு போர்க்கருவியாகப் பிறந்தது, குடியுரிமைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் வங்கிக் கணக்குக்கும் அடிப்படையாக இன்றுவரை நம் சட்டைப் பையில் இருக்கிறது.

1990இல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணை எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு, கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். பொறியாளரான நீங்கள் உடனே கவனித்திருப்பீர்கள்: அடையாளம் காட்டுவதற்கு ஒரு வரிசை எண்ணே போதுமாக இருந்தும், ஒருவருடைய வயதையும் பாலையும் பிறந்த மண்ணையும் அந்த எண்ணே வெளியில் சொல்லும்படி அமைத்திருக்கிறார்கள். அது தொழில்நுட்பம் மட்டும் எடுத்த முடிவு இல்லை. 2001இல் சில்லு பொருத்திய மைகார்ட் வந்தபோது ரேகையும் அதற்குள் போயிற்று. தோட்டங்களில் வீட்டிலேயே பிறந்து, பதியாமல் விடப்பட்டு, அட்டையே இல்லாமல் வளர்ந்த நம் பிள்ளைகளின் துயரம் இந்தக் கதையின் மறுபக்கம். கண்காணிப்பு ஒருவரைத் துன்புறுத்தலாம். எந்தப் பதிவிலும் இல்லாமல் போவதும் அதே அளவுக்குத் துன்புறுத்தும். இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ளாதவர் எழுதும் ஆய்வு பாதியாகவே நிற்கும் என்பது என் எண்ணம்.

இனிச் சட்டத்தில் உறுதியாக இருப்பதைச் சொல்கிறேன். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டு, அதனிடத்தில் சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் வந்தது. அதன்படி ஒருவரைக் கைது செய்து 28 நாள் வரை காவலில் வைக்கலாம். அதன் 6ஆவது பிரிவு, அரசு வழக்குரைஞரின் அனுமதியோடு தகவல் தொடர்புகளை இடைமறிக்க வழி செய்கிறது. அவசர நிலையில் குறிப்பிட்ட பதவிக்கு மேற்பட்ட காவல் அதிகாரி அந்த அனுமதியும் இன்றிச் செய்யலாம். நீதிபதியின் முன் அனுமதி எந்த நிலையிலும் தேவையில்லை. 2015ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், ஒரு வாரியத்தின் ஆணைப்படி ஈராண்டுகள் தடுத்துவைக்கவும், அதை மீண்டும் நீட்டிக்கவும் இடம் தருகிறது. இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில், அரசமைப்பின் 5ஆவது விதி தரும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று 2010இல் சிவராசா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். 2017இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்ததைப் பலர் இங்கே மேற்கோள் காட்டுகிறார்கள். அது நமக்கு வாதத்துக்கு உதவுமே தவிர நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் மலேசியா இன்னும் இணையவில்லை. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் பற்றிய மூன்று உடன்படிக்கைகளில் இணைந்திருக்கிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் நாம் இல்லை.

சட்டப் புத்தகத்திலிருந்து நம் கைப்பேசிக்கு வருகிறேன். 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில், சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்படப் பன்னிரண்டு பேர் சொஸ்மாவின் கீழ்க் கைது செய்யப்பட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டபோது, ஒருவர் தம் கைப்பேசியிலோ முகநூலிலோ ஒரு தலைவரின் படத்தை வைத்திருப்பது அவரைப் பயங்கரவாதி ஆக்கிவிடாது என்ற கருத்தை எழுத்தில் தெரிவித்தார். இந்த வழக்கை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். நான்கு மாதம் சிறையில் இருந்தவர்களின் குடும்பங்களை நினைக்காமல் ஒருமுறையும் என்னால் அதை நடத்த முடிந்ததில்லை. ஆனாலும் ஆய்வாளராக நான் மாணவர்களிடம் கேட்பது வேறு: கைப்பேசிக்குள் இருக்கும் ஒரு படம் எப்போது சான்றாகிறது, அதைத் தேடி எடுக்கும் கருவி எதை எடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது, அது எந்தச் சூழலில் வந்து சேர்ந்தது என்பதை யார் நீதிமன்றத்தில் சொல்வார்? வாட்சப் குழுவில் தானாக வந்து இறங்கும் படத்துக்கும் ஒருவர் தேடிச் சேமித்த படத்துக்கும் சட்டப் புத்தகத்தில் வேறுபாடு எழுதப்பட்டிருக்காது. கோப்பின் நேரக் குறிப்பையும் அது கிடந்த இடத்தையும் படிக்கத் தெரிந்தவருக்கே அந்த வேறுபாடு தெரியும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: சட்டத்தை அடியிலிருந்து நான்காண்டு படிக்கத் தேவையில்லை, பொறியியலை விட்டுவிடவும் கூடாது. ஆலையில் நீங்கள் அன்றாடம் பேசும் ஓவர்கில், எஸ்கேப் என்ற இரண்டு சொற்களையே எடுத்துக்கொள்கிறேன். நல்ல சில்லைப் பழுதென்று தள்ளிவிட்டால் ஓவர்கில். பழுதான சில்லைத் தவறவிட்டால் எஸ்கேப். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும் என்பதும், எல்லைக்கோட்டை எங்கே வைப்பது என்பதை வாடிக்கையாளரும் ஆலையும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். 2019 தொடக்கத்தில் பினாங்கு மாநிலம் முகமறியும் வசதியோடு கண்காணிப்புக் கேமராக்களை அறிமுகப்படுத்தியது. ஒரு கணக்கை மட்டும் எண்ணிப் பாருங்கள். இது விளக்கத்துக்காக நான் வைக்கும் எண், பினாங்கின் புள்ளிவிவரம் அன்று. ஒரு நாளில் 100,000 முகங்கள் கேமராக்களின் முன் கடந்துபோகின்றன. அவர்களில் பத்துப் பேர் உண்மையிலேயே தேடப்படுகிறவர்கள். ஆயிரத்தில் ஒருவரை மட்டுமே கருவி தவறாகப் பொருத்துகிறது. மிக நல்ல கருவி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு ஏறக்குறைய நூறு அப்பாவிகளின் முகத்துக்கு மணி அடித்திருக்கும். பத்துப் பேரையும் பிடித்துவிட்டாலும், அடித்த 110 மணிகளில் 100 பொய் மணிகள். ஆலையில் ஓவர்கில் ஆனது ஒரு சில்லு. தெருவில் ஓவர்கில் ஆகிறவர் சாலையோரத்தில் ஐ.சி.யை நீட்டிக்கொண்டு நிற்கும் மனிதர். அட்டை இல்லாதவராக இருந்தால் அன்றிரவே தடுப்பு முகாமுக்குப் போகக்கூடியவர். அந்த எல்லைக்கோட்டை யார், யாரோடு பேசி முடிவு செய்தார்கள் என்று கேட்க ஒரு சட்ட மாணவருக்குத் தோன்றுவதே அரிது. உங்களுக்கு அது முதல் நாளே தோன்றும்.

அந்தத் தவறு எல்லாருடைய முகத்திலும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதற்கு நல்ல சான்று உண்டு. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் வணிக நிறுவனங்களின் முகப் பகுப்பாய்வு மென்பொருள்களைச் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களின் பாலைச் சொல்வதில் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போயிற்று. இதைப் படித்துவிட்டு, எல்லா முகமறிக் கருவிகளும் நம்மைப் போன்றவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு தவறும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியன்று. அந்த ஆய்வு சோதித்தது ஒருவர் ஆணா பெண்ணா என்று வகைப்படுத்தும் வேலையை. இவர் இன்னார் என்று பொருத்தும் வேலை வேறு. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019இல் பொருத்தும் கருவிகளைச் சோதித்தபோதும் பல கருவிகளில் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களுக்குப் பொய்ப் பொருத்தம் அதிகமாகவே இருந்தது. ஆனால் ஆசிய நாடுகளில் உருவான சில கருவிகளில் ஆசிய முகங்களுக்கு அந்த இடைவெளி காணப்படவில்லை. எந்தத் தரவை வைத்துப் பழக்கினார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது. தமிழ் முகங்கள் மிகுதியாக உள்ள ஒரு மலேசியத் தரவுத்தொகுப்பில் என்ன ஆகும் என்பதை அங்கிருந்து ஊகித்துவிடக் கூடாது. சோதித்தே சொல்ல வேண்டும்.

சபாவில் நடந்ததையும் இதோடு வைத்துப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் கோத்தா கினபாலு நீதிமன்றம், போதைப்பொருள் வைத்திருந்த வழக்கில் தண்டனை அளவைப் பரிந்துரைக்கும் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தியது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் அரசமைப்பின் அடிப்படையில் மறுப்புத் தெரிவித்தார். பாரபட்சம் வராதிருக்க இனம் என்ற காரணியை மென்பொருளிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. சட்டம் மட்டும் படித்த எனக்கு அது முதலில் நிம்மதியாக இருந்தது. வகுப்பில் இருந்த ஒரு புள்ளியியல் மாணவிதான், ஒரு காரணியை எடுத்துவிட்டாலும் வேலை, வசிப்பிடம் போன்றவை அதற்குப் பதிலாக நின்று அதே வேலையைச் செய்யக்கூடும் என்றும், எடுத்துவிட்டபின் பாரபட்சம் இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் வழியும் அடைபட்டுப் போகலாம் என்றும் விளக்கினார். அன்று முதல் நான் தனியாக எழுதுவதைக் குறைத்துக்கொண்டேன்.

பொறியாளர்கள் இத்துறைக்கு என்ன தந்திருக்கிறார்கள் என்று பார்க்க விரும்பினால், டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் 2001 முதல் இயங்கும் சிட்டிசன் லேப்பின் வேலையைப் படியுங்கள். 2013இல், நம் பதின்மூன்றாவது பொதுத்தேர்தலை ஒட்டி, மலாய் மொழியில் வேட்பாளர்களைப் பற்றிய ஓர் ஆவணத்துக்குள் பின்ஸ்பை என்ற உளவு மென்பொருள் பொதிந்திருந்ததை அவர்கள் வெளியிட்டார்கள். அந்த மென்பொருளை உருவாக்கிய நிறுவனம், தான் அரசுகளுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்லிவந்தது. ஆயினும் அந்த ஆவணத்தை யார் அனுப்பினார் என்பதை அறிக்கை முடிவாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்தது இவ்வளவு, ஊகிப்பது இவ்வளவு என்று கோடு கிழித்து எழுதிய அந்த ஒழுங்கையே நான் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டுகிறேன். கோபம் நியாயமாக இருக்கும்போதுதான் அந்தக் கோடு அழிந்துபோகும். நம் சமூகத்தைப் பற்றி எழுதும்போது எனக்கே பலமுறை அழிந்திருக்கிறது.

நீங்கள் நிற்கும் இடத்தையே ஆய்வுப் பொருளாகப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வலயம் தொடங்கியதிலிருந்து பினாங்கு உலகச் சில்லுத் தொழிலின் ஒரு கண்ணியாகிவிட்டது. வெரிட்டே என்ற அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வில், மலேசிய மின்னணு ஆலைகளில் பேசிய 501 தொழிலாளர்களில் 28 விழுக்காட்டினர் கட்டாய உழைப்பு நிலையில் இருந்ததாகக் கண்டார்கள். வேலைக்காக முகவருக்குக் கட்டிய பணத்தின் கடனும், பிறர் கையில் இருந்த கடப்பிதழும் அதற்குப் பெரிய காரணங்கள். மனித உரிமையும் தொழில்நுட்பமும் என்றதும் எல்லாரும் கேமராவைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் கேமராவுக்குள் இருக்கும் சில்லை இரவு ஷிப்டில் சோதித்த நேப்பாளத் தொழிலாளியைப் பற்றி எழுத, அவருக்கு அடுத்த இருக்கையில் இருந்தவர் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பாதுகாப்பு என்ற சொல்லின் இன்னொரு முகமும் அங்கேயே இருக்கிறது. 2025 ஜூலையில், அமெரிக்காவில் உருவான உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை இங்கிருந்து வெளியே அனுப்பவோ மாற்றிக் கொண்டுசெல்லவோ அனுமதி வேண்டும் என்று நம் அரசு அறிவித்தது. அதற்கு அடிப்படை 2010ஆம் ஆண்டு வியூக வணிகச் சட்டம். வல்லரசுகளின் பாதுகாப்புக் கவலை பாயான் லெப்பாஸ் கிடங்கின் தாளில் எப்படி இறங்குகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவர் எழுதிய ஆய்வு எதையும் நான் இதுவரை தமிழில் படித்ததில்லை.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். வேலையை உடனே விடாமல் முதுகலையைப் பகுதிநேரமாகத் தொடங்கலாம். இந்த வட்டாரத்தில் மனித உரிமைக்கென்றே நீண்டகாலமாக முதுகலை நடத்துவது தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழகம். பிரிட்டனில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையம் பெருந்தரவு, தொழில்நுட்பம் பற்றிப் பல ஆண்டு பணி செய்திருக்கிறது. உள்நாட்டிலேயே மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டப்புலம், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யுஎஸ்எம்) சமூக அறிவியல் துறைகள் போன்ற இடங்களில் ஆய்வுப் பட்டம் செய்யலாம். பெயரைவிட வழிகாட்டி முக்கியம். அவர் எத்தனை மாணவர்களை முடிக்க வைத்தார், அவர்களுடைய பெயரைத் தம் கட்டுரைகளில் எங்கே போட்டார் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். முனைவர் பட்டத்துக்கு நான்காண்டுகள் ஒதுக்குங்கள், ஐந்தும் ஆகலாம்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2014இல் மலாயாப் பல்கலைக்கழகச் சட்ட விரிவுரையாளர் அஸ்மி ஷாரோம், தாம் தெரிவித்த சட்டக் கருத்துக்காகத் தேசநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டார். 2016 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. அந்தச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களை 2000ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பொதுவெளியில் எதைப் பேசலாம் என்பதும் அதற்குள் வரும். 1972ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டத்தின்படி ரகசியம் என்று முத்திரையிட்ட தாளை வைத்திருப்பதே குற்றமாகலாம். ஆகவே யாராவது நல்லெண்ணத்தோடு அப்படியொரு தாளை அனுப்பினாலும் வழக்கறிஞரிடம் கேட்காமல் திறக்காதீர்கள். இதையெல்லாம் சொன்னபின், என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும்: நாடாளுமன்ற விவாதப் பதிவு, நீதிமன்றத் தீர்ப்பு, ஏல அறிவிப்பு, தணிக்கை அறிக்கை ஆகிய திறந்த ஆவணங்களை மட்டும் வைத்தே பத்தாண்டு ஆய்வு செய்யலாம். என் கட்டுரைகளில் பெரும்பாலானவை அப்படி எழுதப்பட்டவைதான். அவற்றுக்காக என்னை யாரும் அழைத்து விசாரித்ததில்லை. எல்லாருக்கும் அப்படியே இருக்கும் என்று உறுதி கூற என்னால் முடியாது.

ஆய்வாளரைவிட ஆய்வுக்குப் பேச வந்தவர்தான் பெரும்பாலும் துன்பப்படுகிறார். நான் தொடக்க ஆண்டுகளில் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். ஈழத்திலிருந்து வந்து இங்கே அகதியாக இருந்த ஒருவரை நேர்கண்டு எழுதினேன். பெயரை மாற்றினேன், ஆனால் அவர் எந்த ஊர்ப் பட்டறையில் வேலை செய்கிறார், எத்தனை பிள்ளைகள், எந்த ஆண்டு வந்தார் என்ற மூன்றையும் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு மாநாட்டில் வாசித்த அந்தக் கட்டுரை எப்படியோ அவருடைய முதலாளியின் கைக்குப் போய், அதிகாரிகள் வந்துவிடுவார்கள் என்று பயந்த முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். அவர் என்னைத் திட்டவில்லை. "சார், பெயரைத்தானே மாற்றினீர்கள், என்னை மாற்றவில்லையே" என்று மட்டும் சொன்னார். அந்த வேலைக்கு மாற்று வேலை கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு நான் தேவையற்ற எந்த விவரத்தையும் கேட்பதே இல்லை; கேட்காத விவரத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்குவதே ஆபத்தாகும் இடங்களில் வாய்மொழி ஒப்புதலுக்குப் பல்கலைக்கழக நெறிக்குழுவிடம் முன்னரே அனுமதி வாங்குகிறேன். நேர்காணலுக்குக் கைப்பேசியைக் கொண்டுபோவதில்லை. 2017இல் 4 கோடி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசிக் கணக்கு விவரங்கள் நம் நாட்டில் கசிந்தது நினைவிருக்கும்; சேர்த்து வைத்த எதுவும் ஒருநாள் கசியும் என்று எண்ணிக்கொண்டே சேர்க்க வேண்டும். வங்கதேசத்தில் ரோஹிங்யா அகதிகளிடம் உதவிக்காகத் திரட்டிய விவரங்கள், அவர்களின் தெளிவான ஒப்புதலின்றி மியன்மார் அரசுக்குப் போய்ச் சேர்ந்ததாக 2021இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்டபோது, நல்ல நோக்கம் மட்டும் ஒருவரையும் காக்காது என்பது எனக்கு இன்னொருமுறை உறைத்தது.

சோறு போடுமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை: போடும், ஆனால் ஆலை தரும் அளவுக்கும் அவ்வளவு சீக்கிரமாகவும் போடாது. அரசுப் பல்கலைக்கழகங்களில் நிரந்தர இடம் குறைவு. முனைவர் பட்டம் முடித்தவர்கள் சில ஆண்டுகள் ஒப்பந்தத்தில் அல்லாடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தனியார் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தாலும் பாடச் சுமை ஆய்வுக்கு நேரம் விடுவதில்லை. பதவி உயர்வு ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள ஆங்கில இதழ்களில் எத்தனை கட்டுரை என்பதைப் பார்த்தே வருகிறது. தமிழில் எழுதுவதற்கு மதிப்பெண் கிடையாது. எனினும் தமிழில் எழுதுங்கள். சொஸ்மாவில் பிடிபட்டவரின் மனைவி படிப்பது அந்த ஆங்கில இதழை அன்று. மறுபக்கத்தில், உங்கள் துறையறிவோடு இந்தப் படிப்பைச் சேர்த்தவருக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இடம் உண்டு: மனித உரிமை ஆணையமான சுஹாகாம், ஐ.நா. அலுவலகங்கள், வழக்கறிஞர் நிறுவனங்களின் தரவுப் பிரிவுகள், 2011இல் ஐ.நா. ஏற்ற வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகளின்படி தங்கள் விநியோகச் சங்கிலியைத் தணிக்கை செய்யும் மின்னணு நிறுவனங்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பும் பொறுப்பு உங்கள் தலைமேல் மட்டும் இருக்குமானால், இரண்டாண்டுச் செலவைச் சேமித்த பிறகே முழுநேரப் படிப்புக்கு வாருங்கள். இதை உங்கள் அப்பாவின் பக்கம் நின்றே சொல்கிறேன்.

இப்போதே தொடங்க ஒரு வேலை உண்டு. கூட்டரசு அளவில் தகவலறியும் சட்டம் நமக்கு இல்லை. ஆனால் பினாங்கிலும் சிலாங்கூரிலும் மாநில அளவில் உண்டு. நீங்கள் பினாங்கில் இருக்கிறீர்கள். முகமறி கேமராக்கள் பற்றி மாநில அரசோ ஊராட்சி மன்றமோ வைத்திருக்கும் ஆவணங்களைக் கேட்டு ஒரு விண்ணப்பம் கொடுங்கள்: ஏற்புச் சோதனையில் பொய்ப் பொருத்த விகிதம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, படங்கள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, யார் கேட்டால் கொடுப்பார்கள்? காவல்துறை கூட்டரசின் கீழ் வருவதால் சில கேள்விகள் அங்கேயே நின்றுவிடும். எந்தக் கேள்வி எந்த வாசலில் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்த பதிலையும் வராத பதிலையும் வைத்து இரண்டு பக்கத்தில் ஓர் ஆய்வு முன்மொழிவு எழுதுங்கள். அதில் செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல், எந்தக் கருவி, எந்த அலுவலகம், எந்த மனிதர் என்று பெயர் சொல்லியே எழுதிப் பாருங்கள். எழுதியதை இங்கேயே போட்டால், நான் படித்துக் குறை நிறை சொல்கிறேன்.